ஸ்கூல் மூடுற காலத்துல லைப்ரரில இருந்து புள்ளைங்களுக்கு ஒன்லைன்ல எதைத் தெரிஞ்சு குடுக்கிறது?

தேயிலைமலை டீச்சர் (பொகவந்தலாவை)

எல்லாருக்கும் வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்கூல்ல தமிழ் படிப்பிக்கிறேன், லைப்ரரி பொறுப்பும் என்கிட்டதான். தரம் 1ல இருந்து 11 வரைக்கும் இருக்கு. 2020 மார்ச்ல கொரோனாவுக்கு மூடினப்பவும் 2022ல டீசல் பெட்ரோல் இல்லாம மூடினப்பவும் நடந்ததுதான் 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகும் நடந்துச்சு. ரோடு உடைஞ்சு, மண்சரிவு பயத்துல சனம் லயத்த (தோட்டத்து லைன் வீட்ட) விட்டு வெளிய வந்து, ஸ்கூலும் மூடி, உடனே எல்லா டீச்சரும் அவங்கவங்க பாடத்துக்கு வட்ஸ்அப்ல லிங்க் போட ஆரம்பிச்சாங்க. யூடியூப் லிங்க், டிரைவ் லிங்க், போட்டோ எடுத்த நோட்ஸ், யாரோ எங்கயோ இருந்து போர்வர்ட் பண்ணின பிடிஎப்னு ஒரே குரூப்ல வந்து குமியுது. அதுல எது நம்ம பாடத்திட்டம், எது இந்தியா சிலபஸ், எது மாறிப்போன பழைய சிலபஸ்னு ஒரு ஏழாம் ஆண்டுப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?

வீட்டு நெலமையும் உங்களுக்குத் தெரியும். அம்மா காலைல கொழுந்துக்குப் போயிருவாங்க, இருக்கிற ஒரு போனும் அப்பா கைல, அவரு கொழும்புல வேலைன்னா மாசத்துக்கு ஒருக்காதான் அது வீட்டுக்கு வரும். மூணு புள்ளைங்க இருக்கிற காம்பரால ராத்திரி ஏழு மணிக்கு மேல ஆளுக்கு அரை மணித்தியாலம் போன் கெடைச்சா பெரிய விஷயம், அந்த அரை மணித்தியாலத்துல லிங்க்க தட்டித் தட்டி எது ஓடுதுன்னு பாக்குறதுலயே டேட்டா முடிஞ்சுருது.

புத்தகம் தெரிஞ்சு வாங்கி இறாக்கைல அடுக்கிறது லைப்ரரி வேலைன்னா இதையும் தெரிஞ்சு அடுக்கிக் குடுக்கிறது லைப்ரரி வேலைதான்னு நான் நெனைக்கிறேன். அதிபரும் சரின்னுட்டாரு. லைப்ரரில ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கு, ரவுட்டர் இருக்கு, மழைன்னா சிக்னல் போயிரும். எங்க இருந்து ஆரம்பிக்கிறது, எப்படி அடுக்குறது, சிக்னலே இல்லாத தோட்டத்து டிவிஷன் புள்ளைங்களுக்கு எப்படிக் கொண்டு போறதுன்னு செஞ்சு பாத்தவங்க சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.


ஊவா லைப்ரரி மிஸ் (பதுளை)

டீச்சர், நல்ல வேலை எடுத்திருக்கீங்க. என்னோட அனுபவத்துல மொதல்ல இன்டர்நெட்ட தொறக்கவே வேணாம், மொதல்ல ஒரு கொப்பில தரம் தரமா பாடம் பாடமா அலகுப் பேர எழுதிக்கோங்க, அந்தந்தப் பாட டீச்சர்கிட்ட கேட்டு இந்தத் தவணைல எந்த அலகு வருதுன்னு குறிச்சுக்கோங்க. அதுக்குப் பிறகுதான் தேடணும். இல்லாட்டி நல்லா இருக்கேன்னு கண்டதையும் சேத்து வச்சு, கடைசில புள்ளைக்கு வேண்டிய அலகுக்கு ஒண்ணும் இல்லாம போயிரும்.

அடித்தளம் நம்ம நாட்டுலயே இருக்கு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்து வெப்சைட்ல தமிழ் மீடியம் பாடப் புத்தகம் எல்லாம் பிடிஎப்பா இருக்கு, அத்தியாயம் அத்தியாயமா பிரிச்சும் எடுக்கலாம், முழுப் புத்தகத்த அனுப்பாதீங்க, அந்த ஒரு அத்தியாயத்த மட்டும் அனுப்புங்க. மண்சரிவுல வீட்டோட புத்தகமும் போன புள்ளைங்களுக்கு இதுதான் மொத உதவி. ஆசிரியர் வழிகாட்டி மகரகம தேசிய கல்வி நிறுவகத்து வெப்சைட்ல இருக்கு, அது புள்ளைக்கு இல்ல, உங்களுக்கு, ஒரு வீடியோ பாடத்துக்குப் பொருந்துதான்னு பாக்க அத பக்கத்துல வச்சுக்கோங்க. பாஸ்பேப்பருக்கு (பழைய வினாத்தாளுக்கு) பரீட்சைத் திணைக்களத்து வெப்சைட் இருக்கு. இதுக்கெல்லாம் பிறகு கல்வி அமைச்சோட ஒன்லைன் பாட வெப்சைட் இ-தக்சலாவ, அதுல தமிழ்ப் பக்கமும் இருக்கு, பாடம், பயிற்சி, பேப்பர் எல்லாம் போட்டிருக்காங்க, ஆனா எல்லா அலகுக்கும் ஒரே அளவுல இல்ல, நீங்க போய் அலகு அலகா தொறந்து பாத்து எது நல்லா இருக்கோ அத மட்டும் எடுங்க.

அடித்தளம் போட்ட பிறகு ஒரு அலகுக்கு ஒரு வீடியோ, ஒரு பயிற்சித்தாள், அவ்வளவுதான். இதுல நான் ரொம்பக் கண்டிப்பா இருக்கேன். பத்து லிங்க் குடுத்தா புள்ளை எதையும் பாக்காது, ஒண்ணு குடுத்தா பாக்கும். ஒண்ணு சேக்கணும்னா இருக்கிறதுல ஒண்ண எடுத்துருங்க.

ஒவ்வொண்ணையும் ஆகக் குறைஞ்ச போன்ல தொறந்து பாக்கணும், உங்க போன்ல இல்ல. ஸ்கூல்ல யாராவது ஒரு அம்மாவோட பழைய போன வாங்கி அதுல தொறந்து பாருங்க. லொகின் கேக்குதா, எத்தனை எம்பி, எழுத்து அந்தச் சின்னத் திரைல வாசிக்கத் தெரியுதா, விளம்பரம் என்ன வருது, வீடியோ முடிஞ்சா அடுத்து தானா என்ன ஓடுது, இதெல்லாம் பாக்கணும். பைலுக்குப் பேரும் நீங்களே வைங்க, "தரம்9-வரலாறு-அலகு2"ன்னு. நம்ம நாட்டுப் பழைய பிடிஎப் நெறைய யூனிகோட் இல்லாத பாமினிங்கிற பழைய பொன்ட்ல அடிச்சது, உள்ள இருக்கிற சொல்லத் தேடினா கெடைக்காது, அதனால பேரப் பாத்துதான் புள்ளை கண்டுபிடிக்கணும்.

லைப்ரரில நாம டூயி முறைல அடுக்குறோம், விஞ்ஞானத்துக்கு 500, இலக்கியத்துக்கு 800ன்னு. இதுக்கு அது வேணாம். போன்ல தேடுற புள்ளைக்கு தரம், பாடம், அலகு இந்த மூணுதான் தெரியும்.


கொட்டகலை சயன்ஸ் சேர்

மிஸ் சொன்னதுல எனக்கு ஒரு மாத்துக் கருத்தும் இல்ல, சயன்ஸ் பக்கத்துல ஒண்ண மட்டும் சேக்கிறேன், ஏன்னா இதுலதான் புள்ளைங்க மார்க்ஸ் போகுது. யூடியூப்ல தமிழ்ல தேடினா மொதல்ல வர்றது முக்காவாசியும் தமிழ்நாட்டு வீடியோதான். படிப்பிக்கிறது அருமையா இருக்கும், அத நான் குறை சொல்லல. ஆனா அவங்க ஒளிச்சேர்க்கைம்பாங்க, நம்ம புத்தகத்துல ஒளித்தொகுப்பு, அவங்க வேதியியல், நமக்கு இரசாயனவியல், கார்பன் டை ஆக்சைடு நமக்கு காபனீரொட்சைட்டு, ஹைட்ரஜன் நமக்கு ஐதரசன். ஓஎல் (தரம் 11 பொதுப் பரீட்சை) பேப்பர்ல வினா நம்ம சொல்லுலதான் வரும், புள்ளை அத வாசிச்சு அது என்னன்னே தெரியாம விட்டுட்டு வந்துரும், விளக்கம் எல்லாம் தெரிஞ்சிருந்தும். அதனால அப்படி வீடியோ ஒண்ணு தெரிஞ்செடுத்தா கூடவே அரைப் பக்கத்துக்கு நம்ம சொல் என்னன்னு எழுதி அந்தப் பைலோட ஒட்டிக் குடுத்துருங்க. அந்த அரைப் பக்கத்த எழுத வேண்டியது பாட டீச்சர், லைப்ரரி டீச்சர் தலைல கட்டக் கூடாது.

இன்னொண்ணு, அமெரிக்கால கொலராடோ பல்கலைக்கழகம் ஃபெட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, மின்சுற்று, அணு, இரசாயனச் சமன்பாடு எல்லாம் விரலால இழுத்து இழுத்து செஞ்சு பாக்கலாம், காசு இல்ல. சிலது தமிழ்லயும் மொழிபெயர்த்து இருக்கு. இதுல பெரிய நன்மை, அந்தப் பைலையே இறக்கி வச்சுட்டா நெட் இல்லாம ஓடும். எங்க ஸ்கூல்ல லெப்ல பல்ப்பும் பெட்டரியும் புள்ளைங்க எல்லாருக்கும் போதாது, ஃபெட்ல மின்சுற்று கட்டிப் பாத்த புள்ளைங்க பிறகு லெப்ல வயர கையில எடுத்தப்ப பயப்படாம எடுத்தாங்க. அதப் பாத்த பிறகுதான் இந்தத் தேர்வு வேலைக்கு நேரம் ஒதுக்கிறது பெறுமதின்னு எனக்கு உறுதியாச்சு.


இராகலை அம்மா

நான் டீச்சர் இல்ல, ரெண்டு புள்ளைக்கு அம்மா. எல்லாரும் போன் போன்னே பேசுறீங்க, கோவிச்சுக்காதீங்க, எங்க டிவிஷன்ல சிக்னல் புடிக்கணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். பொம்பளப் புள்ளைய அந்தி நேரத்துல அங்க தனியா விட முடியுமா, மழைன்னா அட்டை, தேயிலைக்குள்ள சிறுத்தை இருக்குன்னு சொல்றாங்க. 2021ல பதுளை மாவட்டத்துல பொஹிட்டியாவ கிராமத்துப் புள்ளைங்க காட்டுக்குள்ள மலை ஏறி ஒன்லைன் படிச்சத வெளிநாட்டுப் பத்திரிகைல எல்லாம் படம் போட்டாங்க, அதப் பாத்து எல்லாரும் பாவம்னாங்க, எங்க புள்ளைங்களுக்கு அது இன்னைக்கும் அப்படித்தான்.

அதனால டீச்சர், நீங்க என்ன தெரிஞ்சு எடுத்தாலும் சரி, அத பேப்பர்ல குடுக்க ஒரு வழி வைங்க. எங்க மூத்தவளோட ஸ்கூல்ல ஒரு மிஸ் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போட்டோகொப்பிய பிள்ளை மடுவத்துல (தோட்டத்துல கைப்புள்ளைங்கள பாத்துக்கிற எடம்) ஆயம்மாகிட்ட குடுத்து வைப்பாங்க, நாங்க கைப்புள்ளைய தூக்கப் போறப்ப பெரியவளுக்கு உள்ள தாளையும் வாங்கிட்டு வருவோம், செஞ்சு முடிச்சத அங்கயே திருப்பிக் குடுப்போம், மிஸ் திருத்தி அனுப்புவாங்க. அந்தத் திருத்தின தாள் வந்தப்ப என் மகள் அத மடிக்காம புத்தகத்துக்குள்ள வச்சிருந்தா. நான் அஞ்சாவதோட நின்னவ, புள்ளைக்குச் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாது, தாள்ல "இத இப்படிச் செய்"னு தெளிவா நாலு வரி எழுதி வந்தா அவளே செஞ்சுக்குவா.


ஹட்டன் கொம்பியூட்டர் தம்பி

அக்கா சொல்றது சரி. நெட் இல்லாமலே போன்ல படிக்கிறதுக்கும் வழி இருக்கு, அதையும் சொல்றேன்.

கிவிக்ஸ்னு ஒரு அப் இருக்கு, இலவசம். தமிழ் விக்கிப்பீடியா முழுசையும் ஒரே பைலா இறக்கி போன்லயோ கொம்பியூட்டர்லயோ வச்சுக்கலாம், ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டுரை இருக்கு, பிறகு நெட்டே தேவையில்ல. படம் இல்லாத பைலா எடுத்தா எடம் குறையும். டீச்சர் உங்ககிட்ட ரவுட்டர் இருக்குன்னீங்களே, அதுல நெட் வராட்டியும் வைபை வரும், பழைய கொம்பியூட்டர்ல கிவிக்ஸ சேர்வரா ஓட விட்டு, உங்க பிடிஎப் போல்டரையும் அதே கொம்பியூட்டர்ல உள்ளுக்குள்ள பகிர்ற மாதிரி வச்சுட்டா லைப்ரரிக்கு முன்னால வந்து நிக்கிற யாரும் போன்ல தொறக்கலாம், இறக்கிட்டுப் போகலாம், ஒரு எம்பி டேட்டாவும் போகாது. ஸ்கூல் மூடினாலும் அதிபரோ வாச்சரோ கதவத் தொறந்து ஒரு ரெண்டு மணித்தியாலம் சுவிட்ச் போட்டு விட்டாப் போதும், கொழுந்து நிறுத்துட்டு வீட்டுக்குப் போற அம்மா அப்படியே போன்ல எறக்கிட்டுப் போயிருவாங்க.

அதுவும் முடியாட்டி மெமரி சிப். ஒரு சிப்புக்குள்ள ஒரு தரத்துக்கு உள்ள முழுத் தவணைப் பாடமும் போட்டுரலாம். லைப்ரரிப் புத்தகம் மாதிரியே நம்பர் போட்டு, கார்ட்ல எழுதி, ரெண்டு கிழமைக்கு இரவல் குடுங்க. திரும்பி வந்தா மொதல்ல வைரஸ் ஸ்கேன் பண்ணிட்டு பிறகு மறுபடி கொப்பி பண்ணுங்க, இத கட்டாயம் செய்யுங்க, ஒரு சிப்புல இருந்து எல்லா போனுக்கும் போயிரும். வீடியோவ 360பிக்கு குறைச்சுப் போட்டா போர்டுல எழுதுறது வாசிக்கத் தெரியும், 144பி வேணாம், டேட்டா மிச்சம்தான் ஆனா கணக்குல அடுக்கு நம்பர் தெரியாது.

சூம் கிளாஸ் பத்தி கேட்டா, வீடியோவோட ஒரு மணித்தியாலம் ஓடினா 500 எம்பிக்கு மேல போயிரும். அதே பாடத்த டீச்சர் தன் குரல்ல அஞ்சு நிமிஷம் வொய்ஸ் போட்டு, கூட ரெண்டு பக்கம் படம் அனுப்பினா சில எம்பிக்குள்ள முடிஞ்சுரும். நம்ம மலைக்கு அதுதான் ஒத்து வரும்னு நான் நம்புறேன்.


தேயிலைமலை டீச்சர் (பொகவந்தலாவை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இராகலை அக்கா, பிள்ளை மடுவம் யோசனை எங்க தோட்டத்துக்கு அப்படியே பொருந்தும், நாளைக்கே ஆயம்மாகிட்ட பேசுறேன்.

ரெண்டு விஷயம் இன்னும் கேக்கணும். ஒண்ணு, ஓஎல் புள்ளைங்களோட அப்பா அம்மா, பேர் போன பிரைவேட் கைட் புத்தகத்த ஸ்கேன் பண்ணி லைப்ரரி போல்டர்ல போடுங்கன்னு கேக்குறாங்க, டவுன்ல அது விலை கூட, அவங்களுக்கு வாங்க வழியில்ல, நெஞ்சு கேக்க மாட்டேங்குது, ஆனா அது சரியா? ரெண்டாவது, சின்னப் புள்ளைங்களுக்குக் கதை வாசிக்கக் குடுக்கணும், ஸ்கூல் மூடினா தரம் 3, 4ல வாசிப்பு சட்டுனு கீழ போயிருது, திரும்பி வர்றப்ப எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாங்க.


ஊவா லைப்ரரி மிஸ் (பதுளை)

மொத கேள்விக்கு, முழுப் புத்தகத்த ஸ்கேன் பண்ணிப் போடாதீங்க டீச்சர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துல நியாயமான பயன்பாடுன்னு ஒரு பிரிவு இருக்கு, படிப்பிக்கிறதுக்காக ஒரு பகுதிய எடுக்கலாம், ஆனா எவ்வளவு எடுக்கிறோம், அதனால அந்தப் புத்தகத்தோட விற்பனைக்கு என்ன ஆகும்னு எல்லாம் பாப்பாங்க. முழுசையும் எல்லாருக்கும் குடுக்கிறது அதுக்குள்ள வராது. அந்தக் கைட எழுதினதும் நம்ம மாதிரி ஒரு டீச்சர்தான். அதுக்குப் பதிலா லைப்ரரிக் காசுல ரெண்டு பிரதி வாங்கி இரவல் குடுங்க, பழைய மாணவர் சங்கத்துக்கிட்ட கேளுங்க, பாஸ்பேப்பர்ல இருந்து அலகு அலகா வினாவப் பிரிச்சு உங்க டீச்சர்மாரே பயிற்சித்தாள் செஞ்சா கைட்ட விட நல்லாவே இருக்கும்.

கதைக்கு ஸ்டோரிவீவர் பாருங்க, இந்தியால பிரதம் புக்ஸ் 2015ல தொடங்கினது. தமிழ்ல நெறைய படக்கதை, வாசிப்பு நிலை 1ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சிருக்காங்க, பிடிஎப்பா எடுக்கலாம், திறந்த உரிமம்தான், எழுதினவங்க வரைஞ்சவங்க பேரோட அச்சடிச்சு எத்தனை பேருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். ஆனா எல்லாத்தையும் நீங்க வாசிச்சுப் பாத்துட்டுக் குடுங்க, சில மொழிபெயர்ப்பு கரடுமுரடா இருக்கும், நிலை 1ன்னு போட்டிருந்தும் நம்ம புள்ளைக்குத் தெரியாத சொல் இருக்கும். தரம் 3 புள்ளை ஒண்ண உக்கார வச்சு சத்தமா வாசிக்கச் சொன்னா உடனே தெரிஞ்சுரும்.

இன்னொரு விஷயம் நீங்க கேக்கல, ஆனா சொல்லணும். நம்ம ஊர்ப் புள்ளைங்க நம்ம கதையையும் தேடுவாங்க. 2023ல நம்ம சனம் மலையகத்துக்கு வந்து 200 வருஷம்னு மலையகம் 200 எல்லா எடத்துலயும் நடந்தப்ப ஸ்கூல்ல செயற்றிட்டம் குடுத்தாங்க, புள்ளைங்க கூகுள்ல தேடினா 1867ல லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டாருன்னு அது மட்டும்தான் திரும்பத் திரும்ப வருது, நட்டு வளத்த சனத்தப் பத்தி ஒண்ணுமில்ல. நூலகம் நிறுவனத்தோட வெப்சைட்டுக்குப் போங்க, 2005ல இருந்து இலங்கைத் தமிழ்ப் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை, மலர் எல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமா வச்சிருக்காங்க, மலையகத்துக்கு உள்ளதும் நெறைய இருக்கு. ஆனா அது கடல், புள்ளைய நேரா அங்க அனுப்பினா ஒண்ணும் புரியாம திரும்பிரும். நீங்க போய் தரம் 9, 10 புள்ளை வாசிக்கக் கூடிய கட்டுரை ஒரு பத்துப் பன்னண்டு தெரிஞ்செடுத்து, இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் 1948ல எப்படி வந்துச்சு, லயத்து வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னு தலைப்புப் போட்டு ஒரு போல்டர் வைங்க. அதோட புள்ளைங்கள அவங்க பாட்டிகிட்ட பேசி வொய்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லி அதையும் அதே போல்டர்ல சேருங்க, பாட்டி சம்மதம் கேட்டுட்டு. வேற எந்த வெப்சைட்லயும் அது கெடைக்காது.


நோர்வூட் அண்ணன்

எல்லாம் நல்ல யோசனை. ஒண்ணே ஒண்ணு, வட்ஸ்அப் குரூப்ல எல்லாப் புள்ளைங்க நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பொம்பளப் புள்ளைங்களுக்குத் தெரியாத நம்பர்ல இருந்து மெசேஜ் வந்து எங்க பக்கம் பெரிய பிரச்சினையாச்சு. அம்மா அப்பா நம்பர மட்டும் சேருங்க, அட்மின் மட்டும் போடுற மாதிரி செட்டிங் மாத்துங்க, இல்லாட்டி புரோட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, அதுல ஒருத்தர் நம்பர் மத்தவருக்குத் தெரியாது, ஆனா அவங்க உங்க நம்பர சேவ் பண்ணியிருந்தாத்தான் மெசேஜ் போகும், அத முன்னாலயே சொல்லி வைங்க.

டிவியையும் மறக்காதீங்க, கொரோனா நேரம் நேத்ரா சேனல்ல குருகெதரன்னு பாட நிகழ்ச்சி போட்டாங்க, போன் இல்லாத வீட்டுலயும் டிவி இருக்கு. அடுத்த தடவை மூடினா அப்படி நிகழ்ச்சி போடுறாங்களான்னு பாத்து, எந்த நேரம் எந்தப் பாடம்னு நேரசூசிய லைப்ரரில இருந்தே எழுதி தோட்ட ஆபீஸ், கடை, கோயில் பக்கம் ஒட்டலாம்.


தேயிலைமலை டீச்சர் (பொகவந்தலாவை)

சேர், மிஸ், தம்பி, அண்ணே, அக்கா எல்லாருக்கும் நன்றி. நான் தரம் 10, 11 கணிதம், விஞ்ஞானம், தமிழ் இந்த மூணோட மட்டும் ஆரம்பிக்கிறேன், அதுவும் இந்தத் தவணை அலகு மட்டும், சின்னப் புள்ளைங்களுக்கு ஸ்டோரிவீவர் நிலை 1, 2ல கதை எடுத்து அச்சடிக்கிறேன். தம்பி, கிவிக்ஸ் சேர்வர் போடுறதுக்கு எங்க கொம்பியூட்டர் 4ஜிபி ரெம், விண்டோஸ் 7, அதுக்கு ஓடுமா இல்ல லினக்ஸ் போடணுமா? கொட்டகலை சேர், ஒளித்தொகுப்புக்கு நீங்க எழுதின அரைப் பக்கம் இருந்தா ஒரு படம் எடுத்துப் போட முடியுமா, எங்க விஞ்ஞான மிஸ்ஸுக்குக் காட்டணும்.


கொட்டகலை சயன்ஸ் சேர்

இன்னைக்கு ராத்திரி போடுறேன் டீச்சர். அமிலம், மூலம்னு வர்ற பாடத்துக்கும் ஒண்ணு இருக்கு, அதையும் சேத்துப் போடுறேன்.


ஹட்டன் கொம்பியூட்டர் தம்பி

விண்டோஸ் 7க்கு இப்ப அப்டேட் வர்றதில்ல, லினக்ஸ் மின்ட் போட்டுருங்க டீச்சர், 4ஜிபி போதும். போயா (பௌர்ணமி) லீவுல நான் அந்தப் பக்கம் வர்றேன், பென்ட்ரைவ் கொண்டு வர்றேன், லைப்ரரிச் சாவிய மட்டும் அதிபர்கிட்ட வாங்கி வைங்க.